சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை



எங்கள் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வரும் முதியவர்களில் பெரும்பாலோர் தாங்களாக வருவதில்லை. மகளோ மருமகளோ பேரனோ அழைத்து வருகிறார்கள். "உங்களுக்கு என்ன தொந்தரவு, ஐயா?" என்று கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார் பெரியவர். பக்கத்தில் நிற்பவர்தான் பேசுவார்: "டி.வி. சத்தம் தாங்க முடியலை டாக்டர். பிள்ளைங்க படிக்க முடியலை. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சண்டை பிடிக்கிறாங்க." காது மந்தம் பல வீடுகளில் முதன்முதலாக வெளிப்படுவது டி.வி. ரிமோட்டில்தான். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம். உங்களில் பலர் எங்களோடு சேர்ந்து வயதானவர்கள் என்பதால், இது எங்கள் நோயாளிகளைப் பற்றிய கட்டுரையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

எங்கள் வட்டாரத்தில் டி.வி. சின்ன விஷயமல்ல. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கிய காலத்தில் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. 2006-ம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிய பிறகு, கூரை ஒழுகும் வீட்டிலும் டி.வி. ஓடத் தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது ஞாயிறு ஆராதனையே அந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது. கதவுகள் திறந்த பின்பும், படியேற முடியாத முதியவர்கள் பலருக்கு ஆராதனை இன்றும் அங்கேதான். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பவருக்குப் பேச்சுத் துணையும் அதுதான். அது புரியாமல் போனால் அவர் இழப்பது வெறும் பொழுதுபோக்கை அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. அவர்களில் சுமார் 43 கோடிப் பேருக்கு மருத்துவ உதவியோ கருவியோ தேவைப்படுகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தக் குறை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்கிறது. எனவே உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் வியப்பில்லை.

சரி, இவர்கள் ஏன் ஒலியைக் கூட்டுகிறார்கள்? கூட்டிய பிறகும் ஏன், "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்கிறார்கள்? வீட்டாருக்கு எரிச்சல் மூட்டுவது இந்த இரண்டாவது கேள்விதான். "இவ்வளவு சத்தம் வைத்தும் கேட்கவில்லையா, அல்லது வேண்டுமென்றே செய்கிறாரா?" என்று எங்களிடம் வெளிப்படையாகவே கேட்டவர்கள் உண்டு.

வேண்டுமென்று செய்வதில்லை. நம் உட்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. சுருளின் வாசலருகே நிற்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும், உள்கோடியில் நிற்பவை தாழ்ந்த கனத்த ஒலிகளையும் வாங்குகின்றன. முதுமையும் இரைச்சலும் முதலில் தாக்குவது வாசலருகே நிற்பவற்றைத்தான். மனிதருக்கு இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே முதியவருக்குத் தாழ்ந்த ஒலிகள் ஏறத்தாழ முன்போலவே கேட்கும். உயர்ந்த ஒலிகள் மட்டும் உதிர்ந்து போயிருக்கும்.

இது பேச்சை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு நம் தமிழ் எழுத்துகளே நல்ல பாடம். அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் கனத்தவை, பலமானவை. அவை கேட்டுவிடும். ங, ஞ, ண, ந, ம, ன என்ற மெல்லினமும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் க, ச, ட, த, ப என்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மை உயர்ந்த ஒலியில்தான் இருக்கிறது. இலக்கணத்தில் இவற்றுக்கு வல்லினம் என்று பெயர். காதின் கணக்கிலோ இவையே மெலிந்தவை. கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் அவருக்கு ஒரே சொல்லாகக் கேட்கும். பிரசங்கியார் 'பவுல்' என்றாரா 'சவுல்' என்றாரா என்று தெரியாது. (இருவரும் ஒருவரே என்பதால் அதில் மட்டும் நஷ்டமில்லை!)

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று ஒரு பழமொழி சொல்கிறோம். எங்களுக்கு அந்தப் பழமொழி பிடிப்பதில்லை. அது கொடுமையானது என்பது ஒருபுறம் இருக்க, எங்களிடம் வரும் முதியவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும் அல்ல. சங்கு அவர்களுக்கு நன்றாகவே கேட்கும். கேட்காதது பேத்தியின் கீச்சுக் குரல். டி.வி.யிலும் இதேதான் நடக்கிறது. ஒலியைக் கூட்டும்போது பேச்சோடு சேர்ந்து பின்னணி இசையும் மத்தள ஒலியும் கூடுகின்றன. கனத்த ஒலிகள் மேலும் கனத்து, மெலிந்த எழுத்துகளை மூடிவிடுகின்றன. சத்தம் போதும்; தெளிவுதான் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகைக் குறையில் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஓர் அளவைத் தாண்டியதும் ஒலி திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். "கொஞ்சம் சத்தமாகப் பேசு" என்பார், பேசினால், "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பார். டி.வி.யில் வசனம் கேட்க ஒலியைக் கூட்டி வைத்திருப்பார். விளம்பரம் வந்ததும் காதைப் பொத்திக்கொள்வார். இதைக் குணக்கேடு என்று நினைக்க வேண்டாம். காதின் பழுது அது.

ஒலியைக் கூட்டுகிற பெரியவரைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. அவர் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார். எங்களைக் கவலைப்பட வைப்பவர் வேறொருவர். சத்தத்தைப் பற்றி வீட்டில் நாலு முறை சண்டை வந்தபின், "எனக்கு டி.வி. வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்று எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர். வீட்டாருக்கு நிம்மதி. அவர் டி.வி.யை விட்டபின் சாப்பாட்டு நேரப் பேச்சையும் விடுகிறார். பிறகு குடும்ப ஜெபத்தில் வெறுமனே தலை குனிந்து இருக்கிறார். "அப்பா இப்போதெல்லாம் ரொம்ப அமைதியாகிவிட்டார்" என்று பிள்ளைகள் எங்களிடம் சந்தோஷமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பரிசோதித்தால் இரண்டு காதுகளும் மந்தம். மறதி நோயைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று அறிக்கைகளும், நாம் தலையிட்டுக் குறைக்கக்கூடிய காரணங்களுள் ஒன்றாகக் காது கேளாமையைச் சொல்லியிருக்கின்றன. காது மந்தமான எல்லோருக்கும் மறதி வரும் என்பது இதன் பொருளல்ல. ஆனால் அந்த அமைதியை நல்லது என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றில் முதன்மையானதற்குக் காசு செலவில்லை. நாற்காலியை முன்னே தள்ளிப் போடுங்கள். திறந்த வெளியில், தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கூடாவிட்டாலும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைவிட நேரே வரும் பேச்சு காதில் அதிகமாக விழும். பத்தடிக்கு அப்பால் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பவர் ஐந்தடியில் உட்கார்ந்தால் ஒலியைக் கூட்டாமலே புரியும். எந்தக் காது நன்றாக இருக்கிறதோ அந்தக் காது டி.வி. பக்கம் இருக்கட்டும்.

எதிரொலி பெரிய பகைவன். ஓலைக் கூரையும் மண் சுவரும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் திருப்பி அடிக்கும். புது வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் காது கெட்டுப்போனது என்று சொல்லும் முதியவர்கள் ஒருவகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரோரம் துணி அலமாரியையோ மெத்தையையோ வையுங்கள். அறையின் கணகணப்பு குறையும். மின்விசிறியின் இரைச்சலும் பேச்சைத் தின்னும். சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. வேகத்தை ஒரு எண் குறைத்தால் போதும். மிக்ஸி ஓடும் நேரத்தில் செய்தி கேட்க முயல்வது நல்ல காதுக்கும் வீண் வேலை.

இப்போதைய மெல்லிய டி.வி.க்களில் ஒலிபெருக்கி பெரும்பாலும் அடியிலோ பின்னாலோ இருக்கிறது. பழைய பெட்டிகளைப் போல நம்மை நோக்கிப் பேசுவதில்லை, சுவரோடு பேசுகின்றன. ஆகவே டி.வி. வாங்கிய பின் ஒலி மங்கியதாகத் தோன்றினால் முழுப் பழியையும் காதின்மேல் போட வேண்டாம். ஒலி அமைப்புப் பட்டியலில் 'நியூஸ்' அல்லது 'கிளியர் வாய்ஸ்' போன்ற ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 'பேஸ்' என்னும் கனத்த ஒலியைக் குறைத்து, 'ட்ரெபிள்' என்பதைச் சற்றுக் கூட்டுங்கள். இதைச் செய்ய வீட்டுப் பேரப்பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒலியை அறை முழுவதும் நிரப்புவதைவிடக் காதருகே கொண்டுவருவது மேல். ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கம்பி மூலம் இணைத்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கலாம். கம்பியில்லா ஹெட்போன் போட்டுக்கொண்டால் அவருக்கு வேண்டிய அளவு அவருக்கு, மற்றவர்களுக்கு வேண்டிய அளவு மற்றவர்களுக்கு. வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: சில டி.வி.க்களில் ஹெட்போனை இணைத்ததும் பெட்டியின் ஒலி நின்றுவிடும். அப்படியானால் வீட்டில் மற்றவர்கள் ஊமைப் படம்தான் பார்க்க வேண்டும். புளூடூத் வகையில் சில வேளைகளில் உதடு முன்னும் ஒலி பின்னுமாக வரும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். ஹெட்போனிலும் அளவு மிஞ்சக் கூடாது. இதற்கெல்லாம் வசதியில்லாத வீடுகளில் ஞாயிறு ஆராதனையைப் பிள்ளையின் கைப்பேசியில், சாதாரண இயர்போன் மாட்டிக் கேட்கச் சொல்கிறோம். நன்றாகவே கேட்கிறது என்கிறார்கள்.

உதடு என்றதும் நினைவுக்கு வருகிறது. காது மங்க மங்க, தமக்கே தெரியாமல் எல்லோரும் பேசுகிறவரின் முகத்தைப் படிக்கப் பழகிவிடுகிறார்கள். அதனால்தான் செய்தி வாசிப்பவர் பேசுவது புரியும்; ஒருவர்தான் பேசுகிறார், நேரே நம்மைப் பார்க்கிறார், பின்னால் இசையில்லை. தொடர் நாடகத்தில் நாலு பேர் ஒன்றாகக் கத்துகிறார்கள், மேளமும் சேர்ந்து முழங்குகிறது. வேற்று மொழியிலிருந்து மொழிமாற்றம் செய்த தொடர் என்றால் வாய் ஒன்று அசைய, சொல் வேறொன்று வரும். நம் கன்வென்ஷன் கூட்டங்களிலும் இதே கஷ்டம் உண்டு. வெளிநாட்டுப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல, காமிரா மட்டும் பிரசங்கியாரின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆராதனையை ஒளிபரப்பும் சபைகளுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: மொழிபெயர்ப்பவரின் முகத்தையும் காட்டுங்கள், வசன எண்ணையும் பிரசங்கத் தலைப்பையும் திரையில் எழுத்தில் போடுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலைக்காட்சி நெறிமுறைகளும் எழுத்து வரிகளையும் சைகை மொழியையும் வலியுறுத்துகின்றன. ஆனாலும் தமிழ்த் தொடர்களில் அவை இன்னும் அரிதாகவே இருக்கின்றன. கிடைக்கும் நிகழ்ச்சிகளில் அவற்றைப் போட்டுப் பழகுங்கள். அதற்குக் கண் தெரிய வேண்டும். புரை விழுந்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். காதும் கண்ணும் சேர்ந்து மங்கியவருக்கு இரட்டிப்புத் தனிமை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்கும்போது, "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று சொல்லாதீர்கள். காது மந்தமானவர்களை அதிகம் காயப்படுத்துவது எது என்று நாங்கள் கேட்டபோது, 'செவிடு' என்ற சொல்லைவிட இதைத்தான் பலர் சொன்னார்கள். ஒலியை அறவே நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கத்த வேண்டாம், நிதானமாகச் சொன்னால் போதும்.

இத்தனையும் செய்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சிலருக்குக் காதில் அழுக்குக் கட்டி அடைத்திருப்பது மட்டுமே காரணம்; அதை எடுத்துவிட்டால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். காய்ச்சிய எண்ணெய் விடுவது, ஊக்கு, கோழி இறகு ஆகியவற்றால் குடைவது இரண்டும் வேண்டாம். செவிப்பறை கிழிந்து வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சீழ் வடிந்தால் அது முதுமை அல்ல, நோய். மருந்துண்டு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை உண்டு. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவரா, முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி போட்டவரா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் உட்காதைக் கெடுக்கக்கூடியவை. நேற்றுவரை கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர நிலை. அன்றே வாருங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கேள்வி திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

இனி, கருவியைப் பற்றி. மக்கள் அதைக் 'காது மிஷின்' என்கிறார்கள். அதைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் முதல் வேலையாக டி.வி. முன் உட்காருகிறார். மின்விசிறி, தட்டு முட்டுச் சாமான், தெரு நாய் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் பாய்கின்றன. இரண்டே நாளில் கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது. டி.வி. கடைசித் தேர்வு, அதை முதல் நாளே எழுதக் கூடாது. முதல் வாரம் அமைதியான அறையில், தினம் ஓரிரு மணி நேரம், வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்து வேதபுத்தகத்தில் ஓர் அதிகாரத்தை மெதுவாக வாசிக்கட்டும். தெரிந்த வசனம் என்பதால் விட்ட எழுத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். பிறகு இருவர் பேச்சு, பிறகு செய்தி, அதற்குப் பிறகே தொடர். மூளை மறந்துபோன ஒலிகளைத் திரும்பப் படிக்க வாரக்கணக்காகும். சிலருக்கு மாதங்களும் ஆகும். இரண்டு, மூன்று முறை வந்து கருவியின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டியும் இருக்கும்.

உங்கள் காணிக்கை எங்கே உதவுகிறது என்றால், இங்கேதான். கருவியைத் தருவதற்கு வழிகள் உண்டு. 1981 முதல் மத்திய அரசின் 'அடிப்' திட்டம் இருக்கிறது; 40 சதவீத ஊனச் சான்றும் வருமானச் சான்றும் உள்ளவருக்கு அதன் மூலம் உதவி கிடைக்கும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க எங்கள் சமூகப் பணியாளர் உதவுகிறார். கருவி கிடைத்த பின்புதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. பொத்தானைப் போன்ற சிறு பாட்டரி, கருவியையும் பயன்படுத்தும் நேரத்தையும் பொறுத்து, ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் வரும். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவர் அரிசியையும் மருந்தையும் வாங்கிய பின் பாட்டரிக்குப் போவாரா? போவதில்லை. மூன்றாம் மாதம் கருவி மௌனமாகிவிடுகிறது. ஆகவே, "ஒரு கருவி வாங்கித் தருகிறோம்" என்று எழுதும் நண்பர்களிடம், "ஒருவருக்கு ஓராண்டுப் பாட்டரி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறோம். புகைப்படம் எடுத்துப் போட அது அழகான பொருளல்ல. ஆனாலும் அதுதான் தேவை.

ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பாட்டரியின் மேலுள்ள வண்ணத் தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்படும்படி வைத்திருந்து பிறகு போடுங்கள். காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே அது வேலை செய்கிறது. தாளின் நிறம் அளவைக் குறிக்கும்: 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். கடையில் நிறத்தைச் சொன்னாலே போதும். இரவில் பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் போட்ட டப்பாவில் கருவியை வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தபின் கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பழைய பாட்டரியைக் குழந்தைகள் எடுத்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கினால் அது உணவுக் குழாயை அரித்துவிடும்.

காலமானவர்களின் கருவிகள் பல வீடுகளில் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. ஞாபகார்த்தமாக வைத்திருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுக்க மனமுள்ளவர்கள் பாட்டரியை எடுத்துவிட்டு, காதுக்குள் வைக்கும் அச்சு இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, சிறு டப்பாவில் பஞ்சு வைத்து மருத்துவமனை முகவரிக்கு அனுப்பலாம். அச்சு ஒருவருக்குச் செய்தது மற்றவருக்குப் பொருந்தாது. புதிதாக இங்கே செய்துகொள்கிறோம். வலது காதுக் கருவியா, இடதா என்பது தெரிந்தால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.